கேப்பு பதினொன்று

மாமாங்கத்துக்குப் பின்னால்
பழைய சோறு மாதிரி வெளுத்துக் கிடக்கும் கரட்டில்
தினமும் பன்னிரண்டரைக்கு வெடி.
மூன்று முறை சங்கு. சிவப்புக் கொடி.
"வெடியோவ்" என்று அங்கப்பன் கத்துவார்.
அப்புறம் தரை ஒரு தரம் இருமும்.
கண்ணங்குறிச்சி வரைக்கும் ஜன்னல் கண்ணாடிகள்
ஆமாம் ஆமாம் என்னும்.
தொட்டில் பிள்ளைகூட விழிக்காது.
எங்கள் பக்கம் திடுக்கிடுவது
விருந்தாளிகள் மட்டும்தான்.

நான் வெடிக் கிடங்கின் கணக்கு.
முள்கம்பிக்குள் இரண்டு அறை,
ஒன்றில் தோட்டா, ஒன்றில் கேப்பு.
இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது.
"தாலி கட்டுற வரைக்கும்" என்பார் அங்கப்பன்.
தினமும் அதையே சொல்வார்.
காலையில் வெறும் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு
பாறைக்குப் போய்விடுவார்.
எண்ணை நான் அப்புறம் நிரப்புவேன்.
வாங்கியது, கொடுத்தது, மிச்சம்.
பதினாறு வருஷம்.

அன்று சாயங்காலம் தலைநகரில் ஏழு இடம்.
சட்டசபையைக் கலைத்து ஒன்பதாவது நாள்.
பால் வாங்கிக்கொள்ள
ஊரடங்கைத் தளர்த்திய அந்த ஒரு மணி நேரத்தில்.
பார்சல் ஆபீஸ்,
கோர்ட்டுக்கு எதிர் டீக்கடை,
பாலத்தடியில் சைக்கிள் நிறுத்துமிடம்.
மற்ற நாலும் ரேடியோவின் கரகரப்பில் போய்விட்டன.
எட்டரைச் செய்தியில் முப்பத்தொன்று.
பத்தேகாலுக்கு நாற்பத்துநாலு.
கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கம்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது.
"ஆணி வச்ச பூட்ஸோட கிடங்குக்குள்ள வரக் கூடாது, சார்."
இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு குனிந்து கழற்றினார்.
சாக்ஸில் கட்டைவிரல் தெரிந்தது.
அவர் எண்ணினார். நான் எண்ணினேன்.
எல்லாம் சரி.
பிறகு, எதற்கோ,
அங்கப்பனின் சட்டைப்பை நோட்டைக் கேட்டார்.

தை மாசம் பன்னிரண்டாம் தேதி:
என் பதிவேட்டில் கொடுத்தது முப்பத்தேழு.
அவர் நோட்டில் வெடித்தது இருபத்தாறு.
கையெழுத்து அவருடையது.
"குணவதிம்மா தப்பா எழுத மாட்டாங்க சார்,
நான்தான் நோட்டுல விட்டிருப்பேன்."
அவரே சொன்னார்.
அவரே ஜீப்பில் ஏறினார்.
நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதவில்லை.
பக்கத்து வீட்டுத் தொட்டிலில் பிள்ளை
வீறிட்டு விழித்தது.

பதினொன்று.
ஒரு சாப்பாட்டு டப்பாவில் அடங்கிவிடும்.
பென்சில் துண்டு நீளம், வெள்ளி நிறம்.
ஏத்தாப்பூர் பொங்கியண்ணனின் கிணற்றில்
அறுபதடியில் பாறை.
தோட்டா அவனிடம் இருந்தது; எங்கிருந்து என்று கேட்கவில்லை.
லைசென்ஸ்காரன் வரப் பதினைந்து நாளாகும்,
குச்சிக்கிழங்கு காயுதுங்க என்றான்.
இருநூறு ரூபாய். ஒரு மூட்டைக் கிழங்கு.
மகளுக்கு அந்த வாரம் பரீட்சைப் பணம் கட்டணும்.

ஆத்தூர் பஸ் ஏறினேன்.
வாழப்பாடி தாண்டி யாரோ பேப்பரை விரிக்க
ஏழு இடமும் வரிசையாக, படத்தோடு.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிணற்றில் தண்ணீர் இருந்தது.
நல்ல தண்ணீர்.
பொங்கியண்ணன் ஒரு சொம்பு மொண்டு கொடுத்தான்.
குடித்தேன்.
"ஒம்பது வெடிச்சுதுங்க."
மீதி?
"ரெண்டா? மோட்டார் ரூம்பு மாடத்துலதான் வச்சேன்."
மாடத்தில் கிரீஸ் டப்பா, பல்லி முட்டை, ஒரு பழைய சாவி.
"மச்சான் பையன் கொஞ்ச நாளு இங்க இருந்தான்.
மாசியில போயிட்டான்."
எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
வாய்க்காலில் தண்ணீர்
கிழங்குக் காட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு எங்கேயாவது எலி வளையில் கிடக்கலாம்.
மேட்டூரில் எவனாவது மீனுக்குப் போட்டிருக்கலாம்.
இரண்டை வைத்து ஏழு இடத்தில் வெடிக்க முடியாது.
இரண்டு இடத்தில் முடியும்.

சூரமங்கலம் ஸ்டேஷன் வாசலில்
பதிவேட்டை மடியில் வைத்து
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.
உள்ளே யாரோ இருமினார்கள்.
அங்கப்பனாக இருக்கலாம்; வெள்ளைத் தூசி இருமல்.
எழுந்து, படியில் செருப்பைக் கழற்றினேன்.

"அதெல்லாம் வேண்டாம்மா" என்றாள் பாராக்காரப் பெண்,
"போட்டுக்கிட்டே வாங்க."